எதை எண்ணுகிறீர்கள்? சொல்லெல்லையும் எழுத்தெல்லையும் விதிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் விண்ணப்பங்களையும் கட்டுரைகளையும் கோருகின்ற அரச திணைக்களங்கள், பல்கலைக்கழகங்கள், நிதியுதவி நிறுவனங்கள், பத்திரிகை ஆசிரிய பீடங்கள், போட்டிக் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்கு நிகழ்நிலைப் படிவங்களை ஆக்கிக்கொடுக்கும் மென்பொருள் பொறியியலாளர்களுக்கும்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கொழும்பில் தமிழ் மெய்ப்பு நோக்குவதும், மாணவர்களும் சிறு அமைப்புகளும் எழுதும் விண்ணப்பங்களைக் குறித்த அளவுக்குள் செம்மைப்படுத்திக் கொடுப்பதும் என்னுடைய தொழில். "500 சொற்களுக்கு மேற்படாமல்" என்றோ "1000 எழுத்துகளுக்குள்" என்றோ ஒரு வரி இல்லாத அறிவித்தலை நான் காண்பது அரிது. அளவு விதிப்பதைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. வாசிப்பவரின் நேரத்தை மதிப்பதற்கும், போட்டியிடும் எல்லோருக்கும் ஒரே அளவு இடம் கொடுப்பதற்கும், எழுதுபவர் தம் கருத்தை இறுக்கிச் சொல்வதற்கும் எல்லை தேவை. ஆனால் அந்த எல்லை எதைக்கொண்டு அளக்கப்படுகிறது என்பது அறிவித்தலில் சொல்லப்படுவதில்லை. ஆங்கிலப் படிவத்துக்கென்று நிச்சயிக்கப்பட்ட எண், மாற்றம் எதுவுமின்றித் தமிழ்ப் படிவத்திலும் வந்து அமர்ந்துகொள்கிறது. எழுதியவர் ஓர் அளவுகோலையும், அவர் எழுதியதைச் சோதிக்கும் கணினி இன்னோர் அளவுகோலையும் கையில் எடுக்கின்றனர். ஆகவே நான் கேட்பது இதுதான்: நீங்கள் விதிக்கும் எல்லையின் அலகு எது என்பதை எழுத்தில் அறிவியுங்கள், அந்த அலகு தமிழுக்குப் பொருந்துவதாக இருக்கட்டும், எழுதுபவரும் நீங்களும் ஒரே எண்ணிக்கையைப் பார்க்க வழிசெய்யுங்கள்.

இது ஏன் தேவைப்படுகிறது என்பதை நமது நகரத்தின் பெயரைக்கொண்டே காட்டலாம். "கொழும்பு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒன்றிடம் கேட்டால், கொ, ழு, ம், பு என்று விரல் மடித்து நான்கு என்று சொல்லும். அதுவே தமிழிலக்கணம் ஏற்கும் விடையும் ஆகும். கணினியோ அதே சொல்லை எட்டு என்று எண்ணக்கூடும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளை நாம் கற்றிருந்தாலும், உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் குறியீடு வழங்கும் பொதுத் தரமான யுனிகோட், 1991இல் வெளிவந்த தன் முதற் பதிப்பிலிருந்தே தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடங்களைக் கொண்ட ஒரு தொகுதியை மட்டுமே. அத்தொகுதியில் உயிர்மெய்கள் தனித்தனியே இடம்பெறவில்லை. அகரமேறிய மெய்க்கு ஒரு குறியீடும், கொம்பு, கால், விசிறி போன்ற ஒவ்வோர் உயிர்க்குறிக்கும் ஒரு குறியீடும், புள்ளிக்கு ஒரு குறியீடும் என்று அவை பிரித்து வைக்கப்பட்டுள்ளன. எனவே "கொ" இரண்டு குறியீடு, "ழு" இரண்டு, "ம்" இரண்டு, "பு" இரண்டு, மொத்தம் எட்டு. புள்ளியிட்ட மெய் ஒவ்வொன்றும் நமது கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறியீடு.

கணக்கு இதோடு முடிவதில்லை. யுனிகோட் குறியீடுகளைச் சேமிப்பதற்கு இன்று மிகப் பரவலாகக் கையாளப்படும் யூ.டி.எப்.-8 முறையில், ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் (கணினிச் சேமிப்பிடத்தை அளக்கும் சிற்றலகு) போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். ஆகவே கொழும்பு என்பது 24 பைட். பத்திரிகைப் பக்கங்களையும் நூல்களையும் வடிவமைக்கும் பலர் இன்னமும் கைவிடாத பாமினி எழுத்துருவில் அதே சொல் ஏழு விசைகளாகப் பதியப்படுகிறது. ஏனென்றால் அங்கே ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டப்படுகின்றன, "ழு", "பு" இரண்டும் தலைக்கு ஒரு விசையோடு முடிந்துவிடுகின்றன. யுனிகோட்டிலேயேகூட "கொ" என்பதை க, ொ என்ற இரு குறியீடுகளாகவும் எழுதலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்ற மூன்று குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதலாவதில் கொழும்பு எட்டு, இரண்டாவதில் ஒன்பது. பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றித்தரும் கருவிகளிற் சில இரண்டாவது வடிவத்தைத் தந்துவிடுவதுண்டு என்பதால், ஒரே கட்டுரை, ஒரே தோற்றம், இரண்டு எண்ணிக்கை என்ற நிலை உண்மையிலேயே ஏற்படுகிறது. அதே நகரத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு எழுத்து, ஏழு குறியீடு, ஏழு பைட். ஆங்கிலத்தில் இந்த மூன்று அளவும் ஒன்றாகவே இருப்பதால், "எழுத்து" என்று எழுதினாலே போதும், எல்லோருக்கும் விளங்கும் என்ற எண்ணம் படிவம் ஆக்குவோரிடம் வேரூன்றிவிட்டது. தமிழில் அது போதாது. சிங்களத்திலும் போதாது. ஸ்ரீ லங்கா என்ற நமது நாட்டுப் பெயரின் முன்னால் வரும் "ஸ்ரீ" சிங்களத்தில் எழுதப்படும்போது, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஒன்றையும் சேர்த்து ஐந்து குறியீடுகளைக் கொள்கிறது. எனவே இது தமிழருக்கு மட்டுமான முறையீடு அன்று.

இனி, படிவத்தின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். உலாவியில் தெரியும் எழுதுபெட்டிக்கு ஓர் உச்ச நீளம் கொடுக்கப்படும்போது, அது தமிழைக் குறியீடுகளாகவே எண்ணுகிறது. வேறோரிடத்தில் எழுதிவைத்த பந்தியைக் கொண்டுவந்து அந்தப் பெட்டியில் ஒட்டினால், எல்லைக்கு மேற்பட்ட பகுதி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெட்டுண்டு போகிறது. எழுதியவர் தாம் ஒட்டியது முழுவதும் உள்ளே சென்றுவிட்டதென்று நம்பிச் சமர்ப்பிக்கிறார். பெட்டியைத் தாண்டியதும் அடுத்த வாசல் வருகிறது. பெட்டிக்குள் ஒரு குறியீடாக எண்ணப்பட்ட வரிமுறிவு, படிவம் அனுப்பப்படும்போது இரண்டாக மாறுகிறது. ஆகவே பல பந்திகளாகப் பிரித்து, எல்லையை ஒட்டி எழுதியவரின் விடை, பெட்டியில் ஏற்கப்பட்டபின், படிவத்தைப் பெறும் மறுமுனைக் கணினியான சேவையகத்தில் "அளவு மிகுந்துவிட்டது" என்று திருப்பப்படலாம். அதற்கும் பின்னால் இருக்கும் தரவுத்தளம் இன்னொரு வாசல். ஒரக்கிள் போன்ற தரவுத்தளத்தில் வேறாகக் குறிப்பிடாவிட்டால் ஒரு புலத்தின் (பெயர் போன்ற ஒரு விவரத்துக்கு ஒதுக்கிய இடத்தின்) நீளம் பைட்டிலேயே கொள்ளப்படுகிறது. ஆங்கிலப் பெயருக்கு 40 பைட் தாராளம். "பாலசுப்பிரமணியம்" என்ற பெயரோ பத்து எழுத்து, 16 குறியீடு, 48 பைட். மிகுதியை வெட்டிவிட்டுச் சேமிக்கும்படி எழுதப்பட்ட மென்பொருளாயின், அந்த மனிதர் பதிவேட்டில் "பாலசுப்பிரமணி" ஆகிவிடுவார். வங்கியிலும் கடவுச்சீட்டிலும் பாடசாலைச் சான்றிதழிலும் ஒரு பெயர் ஓரெழுத்து மாறினாலும் என்ன அலைச்சல் நேர்கிறது என்பது இந்த நாட்டில் வாழும் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வெட்டுவதைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் வாக்கியத்தின் அமைப்பு அந்த இழப்பைப் பெரிதாக்குகிறது. நமது வாக்கியத்தில் வினை இறுதியில் வருகிறது. எதிர்மறை அந்த வினையின் இறுதியில் வருகிறது. காலமும் இடமும்கூட வினையின் வாலிலேயே தங்கியிருக்கின்றன. "எமது அமைப்புக்கு இதற்கு முன்னர் நிதியுதவி வழங்கப்படவில்லை" என்று எழுதியவரின் கடைசிச் சில குறியீடுகள் போய்விட்டால், "நிதியுதவி வழங்கப்பட" என்பது எஞ்சும். வாசிக்கும் அலுவலர் அதை எப்படி நிறைவுசெய்து கொள்வார் என்று யாரால் சொல்ல முடியும்? ஆங்கில வாக்கியத்தின் வாலை வெட்டினால் பெரும்பாலும் ஒரு விவரம் குறையும். தமிழ் வாக்கியத்தின் வாலை வெட்டினால் ஆமென்பதா இல்லையென்பதா என்பதே தெரியாமற் போகும். கொட்டாஞ்சேனையில் இயங்கும் மகளிர் சுயதொழிற் குழுவொன்று இவ்வாறு பாதிக்கப்பட்டதை நான் அருகிலிருந்து கண்டேன். படிவத்தில் "எழுத்துகள்" என்று மட்டும் இருந்தது. அவர்கள் இடைவெளியை நீக்கிய எண்ணிக்கையைப் பார்த்து எழுதினார்கள். பெட்டி இடைவெளியையும் சேர்த்து எண்ணியது. திட்டத்தின் தேவையை விளக்கிய இறுதி வாக்கியங்கள் பெட்டிக்குள் போகவேயில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அங்கு பணிபுரிவோர் நேர்மையானவர்கள். தமிழ் விண்ணப்பம் ஒன்று முற்றுப்பெறாமல் வந்ததைக் கண்டு எழுதியவரின் கவனயீனம் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள்.

குறுஞ்செய்தியை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஒரு பைட் என்பது எட்டுப் பிற்கள்; ஆங்கில எழுத்தொன்று ஏழு பிற்களில் அடங்கிவிடுவதால் அங்கே 160 எழுத்து கொள்ளும். குறுஞ்செய்தியில் கையாளப்படும் முறை யூ.டி.எப்.-8 அன்று; அதில் தமிழும் சிங்களமும் குறியீடொன்றுக்கு இரண்டு பைட் எடுப்பதால் 70 குறியீடு மட்டுமே கொள்ளும். அதற்கு மேற்போனால் செய்தி துண்டுகளாகப் பிரிக்கப்படும். துண்டுகளை இணைக்கும் விவரத்துக்கும் இடம் வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றிலும் 67 குறியீடு. மழைக்காலத்தில் களனி கங்கை பெருகும்போது கொலன்னாவையிலும் கடுவலையிலும் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பவேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: "களனி கங்கையின் நீர்மட்டம் உயர்கிறது. தாழ்நிலப் பகுதியிலிருந்து உடனே வெளியேறவும்." எட்டே எட்டுச் சொற்கள். தமிழ் எழுத்தாக எண்ணினால் 42. இடைவெளிகளையும் முற்றுப்புள்ளிகளையும் சேர்த்தால் 51. ஆனால் குறியீடாக எண்ணினால் 80. இதை ஒரே செய்தியாக அனுப்ப முடியாது. எழுபதாவது குறியீட்டில் நிறுத்திவிடும் ஒரு மென்பொருள் இதை அனுப்பினால், பெறுபவர் "தாழ்நிலப் பகுதியிலிருந்து உடனே வெ" என்பதோடு வாசித்து முடிப்பார். வெளியேறும்படி சொல்லும் வினையே அங்கு இல்லை. ஆகவே எச்சரிக்கை அறிவித்தல்களைத் தயாரிப்போர் ஆங்கில வாசகத்தை 160க்குள் எழுதிவிட்டுப் பின்னர் மொழிபெயர்க்கக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, தமிழ் வாசகத்தையும் சிங்கள வாசகத்தையும் 70க்குள் அடங்கும்படி முதலிலேயே எழுதுவிப்பது நல்லது. மேலே உள்ளதைக்கூட "களனி கங்கை பெருகுகிறது. தாழ்நிலத்தோர் உடனே வெளியேறவும்." என்று எழுதினால், பொருள் குறையாமல், எழுபதுக்குள் அடங்கிவிடும்.

சொல்லெண்ணிக்கைக்கு வருகிறேன். இங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. போட்டி நடத்துவோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். கணினிக்குச் சொல் என்பது இரண்டு இடைவெளிகளுக்கு இடைப்பட்டது மட்டுமே. தமிழிலோ எங்கே சேர்த்தெழுதுவது, எங்கே பிரித்தெழுதுவது என்பதில் நல்ல எழுத்தாளர்களிடையேயும் ஒருமைப்பாடு இல்லை. "அவர் வந்த போது நான் வீட்டில் இல்லாத படியால்" என்று எழுதினால் ஏழு சொல். "அவர் வந்தபோது நான் வீட்டில் இல்லாதபடியால்" என்று எழுதினால் ஐந்து. இரண்டையும் நான் அச்சில் கண்டிருக்கிறேன். பின்னதே செம்மையானது என்பது என் கருத்து, ஆனால் முன்னதை எழுதியவரைக் குற்றம் சொல்ல முடியாது. "2025 ஆம் ஆண்டு" மூன்று சொல், "2025ஆம் ஆண்டு" இரண்டு. தந்தை செல்வாவின் பெயரைச் "சா. ஜே. வே. செல்வநாயகம்" என்று இடம்விட்டு எழுதினால் நான்கு, "சா.ஜே.வே. செல்வநாயகம்" என்று எழுதினால் இரண்டு. மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருள், இருபுறமும் இடம்விட்டு எழுதிய தனிக்கோடு ஒன்றையும் ஒரு சொல்லாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அடிக்குறிப்புகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதற்கு அதே மென்பொருளில் ஒரு தெரிவுப்பெட்டி இருக்கிறது. எழுதியவர் அதை நீக்கியும் நடுவர் அதைத் தெரிவுசெய்தும் வைத்திருந்தால், ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இரண்டு எண்ணிக்கைகளும் வெகுதூரம் விலகிப்போகும்.

எல்லைக்குள் அடக்கியே தீரவேண்டும் என்ற நெருக்கடியில் எழுதுபவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மெய்ப்பு நோக்கும்போது நான் அடிக்கடி காண்கிறேன். கருத்தைச் சுருக்குவதற்குப் பதிலாக இடைவெளிகளை நீக்குகிறார்கள். "பரிசீலிக்கப்பட்டுக் கொண்டிருக்கின்றது என்று" என்பது "பரிசீலிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றதென்று" ஆகிறது. மூன்று சொல் ஒன்றாகிவிட்டது, ஒரு கருத்தும் குறையவில்லை, வாசிப்பவருக்கோ மூச்சு முட்டுகிறது. இது இலக்கணப் பிழையுமன்று. நீங்கள் விதித்த எல்லை சுருக்கமான எழுத்துக்குப் பதிலாக வாசிக்க முடியாத எழுத்துக்குப் பரிசளிக்கிறது. மறுபுறம், ஒழுங்காக இடம்விட்டு எழுதிய மாணவி, எல்லையைத் தாண்டியதற்காக நீக்கப்படுகிறாள்.

ஆங்கிலத்தோடு ஒப்பிடும்போது இன்னொன்றும் புலப்படுகிறது. "அறிவிக்கப்பட்டுள்ளது" என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று சொல் வேண்டும். வேற்றுமையுருபு ஏற்ற பெயர்கள் பலவற்றுக்கும் அங்கே முன்னிடைச்சொல் ஒன்று தனியாக நிற்கும். ஆகவே ஒரே செய்தியைச் சொல்லத் தமிழுக்குச் சொல் குறைவாகவும் குறியீடு அதிகமாகவும் தேவைப்படுகின்றன. "500 சொற்கள்" என்று மூன்று மொழிக்கும் பொதுவாக விதித்தால் தமிழில் எழுதுபவருக்கு அதிக இடம் கிடைக்கிறது. "1000 எழுத்துகள்" என்று விதித்துக் குறியீட்டில் எண்ணினால் அவருக்குக் குறைந்த இடம் கிடைக்கிறது. மேலே காட்டிய வெள்ள எச்சரிக்கையின் விகிதத்தில் பார்த்தால், 1000 குறியீடு என்பது இடைவெளிகளையும் உட்படுத்தி ஏறத்தாழ 640 தமிழ் எழுத்து மட்டுமே. இரண்டு எல்லைகளும் எதிரெதிர்த் திசைகளில் பிழைக்கின்றன. மூன்று மொழிகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் சமத்துவம் பேணப்பட்டுவிடும் என்று எண்ணுவது தவறு.

வெவ்வேறு எழுத்துமுறைகளுக்கு வெவ்வேறு அளவு வேண்டும் என்பது ஏற்கெனவே நடைமுறைக்கு வந்த விடயம். அப்போது டுவிட்டர் என்று அழைக்கப்பட்ட எக்ஸ் தளம், 2017 நவம்பரில் தனது 140 என்ற எல்லையை 280 ஆக்கியபோது, குறைந்த எழுத்தில் நிறையச் சொல்லக்கூடிய சீன, யப்பானிய, கொரிய எழுத்துகளை ஒன்றுக்கு இரண்டாக எண்ணுவது என்று முடிவு செய்தது. தமிழில் குறியீடொன்று ஒன்றாகவே எண்ணப்படுகிறது. அந்தத் தீர்மானத்தில் எனக்குப் பிடித்தது எண்ணின் அளவைவிட, எந்த எழுத்து எப்படி எண்ணப்படும் என்ற விதி யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது என்பதே. நமது நிறுவனங்களிடம் நான் வேண்டுவதும் அத்தகைய வெளிப்படைத்தன்மையையே.

தமிழுக்கும் இது புதிதன்று. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் ஓரடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்தும் கொள்ள வேண்டும். அவ்வாறு எண்ணும்போது ஒற்றெழுத்துகளை விட்டுவிட வேண்டும். எல்லையைச் சொன்ன யாப்பிலக்கணம், எதை எண்ணுவது, எதை விடுவது என்பதையும் அங்கேயே சொல்லிவைத்தது. அந்த விதியைக் கற்ற எவரும், எந்த ஊரில் இருந்தாலும், ஓர் அடியை எண்ணினால் ஒரே விடை வரும். இன்றைய நிகழ்நிலைப் படிவத்திலும் அத்தகைய உறுதி கிடைக்க வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு இது. தமிழில் நீளத்தை அளப்பதற்குச் சொல்லைவிட எழுத்தே பொருத்தமானது. அதுவும் நாம் பாடசாலையில் எண்ணிய எழுத்தாக, இடைவெளியை விட்டு எண்ணப்படுவதாக இருக்க வேண்டும். இடைவெளியை விட்டுவிட்டால், சேர்த்தெழுதுபவருக்கும் பிரித்தெழுதுபவருக்கும் இடையிலான வேறுபாடு அனேகமாக மறைந்துவிடும். மேலே ஏழாகவும் ஐந்தாகவும் மாறிய வாக்கியம் எழுத்தில் மாறுவதேயில்லை. குறியீடுகளை இவ்வாறு எழுத்தாகக் கூட்டி எண்ணும் விதி யுனிகோட் தரத்திலேயே இருக்கிறது. 2024 முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் அதற்கான வசதி உள்ளிணைக்கப்பட்டுள்ளது. அப்பிள் சாதனங்களுக்கான சுவிஃப்ட் என்ற நிரல்மொழி ஓர் எழுத்துச் சரத்தின் நீளத்தைக் கேட்டால் இந்த முறையிலேயே விடை சொல்கிறது. அந்த விதியில் "க்ஷ" இரண்டாகவும் "ஸ்ரீ" இரண்டாகவும் எண்ணப்படும் என்பதைக் குறிப்பிடவேண்டும். அது பொறுக்கத்தக்க வேறுபாடு, எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே பொறியியலாளர்களுக்கு இது பெருஞ் சுமையன்று. மாற்ற வேண்டியது எண்ணும் வரி ஒன்று. கூடவே, பெட்டியில் காட்டும் எண்ணும் சேவையகத்தில் சோதிக்கும் எண்ணும் ஒரே முறையில், ஒரே ஒழுங்குபடுத்திய வடிவத்தின் மீது எண்ணப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். தரவுத்தளப் புலத்தின் நீளத்தை, எழுத்தெல்லையின் பல மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பிடம் இன்று விலைகூடியதன்று.

சொல்லெல்லையை விட முடியாத இடங்கள் இருக்கின்றன என்பதையும் நான் அறிவேன். பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அனைத்துலக நிதியுதவிகளும் சொல்லிலேயே கேட்கும். அங்கே குறைந்தபட்சம், எந்த மென்பொருளின் எண்ணிக்கை இறுதியானது, தலைப்பும் அடிக்குறிப்பும் மேற்கோளும் உசாத்துணையும் சேருமா, எல்லையைச் சற்றே தாண்டினால் பொறுத்துக்கொள்ளப்படுமா, எவ்வளவு பொறுத்துக்கொள்ளப்படும் என்பவற்றை அறிவித்தலிலேயே எழுதிவிடுங்கள். சேர்த்தும் பிரித்தும் எழுதும் வழக்கம் ஆளுக்காள் மாறுவதால், தமிழ்க் கட்டுரைகளுக்கு அந்தப் பொறுதி ஆங்கிலத்தைவிடச் சற்று அதிகமாக இருப்பது நியாயம் என்பேன். கையால் எழுதும் பரீட்சை விடைகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அங்கே வரிக்கு இத்தனை சொல் என்று மதிப்பிட்டு வரிகளைப் பெருக்கிப் பார்ப்பதுதான் மாணவர்களின் வழக்கம், திருத்துபவர்களும் அதை அறிவார்கள்.

எல்லை நெருங்குவதை எழுதுபவர் பார்க்கவேண்டும். எண்ணிக்கை பெட்டியின் கீழே எப்போதும் தெரியட்டும்; ஒட்டிய பகுதி மிகுந்துவிட்டால் அதை வெட்டிவிடாமல், முழுவதையும் வைத்துக்கொண்டு, எவ்வளவு மிகுந்துள்ளது என்று தமிழில் சொல்லுங்கள். எதை நீக்குவது என்பது எழுதியவரின் முடிவாகவே இருக்க வேண்டும். படிவத்தை வெளியிடுவதற்கு முன்னர் ஆங்கிலத்தில் எதையாவது நிரப்பிச் சோதிப்பதோடு நில்லாமல், நீண்ட பெயர்களும், ஒற்று நிறைந்த சொற்களும், பல பந்திகளும், கொ, போ, மௌ போன்ற எழுத்துகளும் அடங்கிய உண்மையான தமிழ் விடையொன்றை எல்லைவரை நிரப்பி அனுப்பி, மறுபுறத்தில் என்ன வந்து சேர்கிறது என்று தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக்கொண்டு பார்ப்பியுங்கள்.

இலங்கை அரசியலமைப்புக்கு 1987ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. அடுத்த ஆண்டின் 16ஆவது திருத்தம் நிருவாகத்தில் மொழிப் பயன்பாட்டை விரித்துரைத்தது. தமிழ் எழுத்துகளைக் கணினியில் கையாள்வதற்கு எஸ்.எல்.எஸ். 1326 என்ற தேசியத் தரமும் 2008இல் கிடைத்தது. தமிழில் விண்ணப்பிக்கும் உரிமை என்பது தமிழ்ப் படிவம் ஒன்று இருப்பதோடு நிறைவுறுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர் அதே பெட்டிக்குள் எவ்வளவு சொல்லக்கூடுமோ அவ்வளவையும் தமிழில் எழுதுபவரும் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். அரசகரும மொழிகள் திணைக்களமும், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமும், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் சேர்ந்து அமர்ந்தால், மும்மொழிப் படிவங்களில் நீளத்தை எண்ணும் முறைபற்றி ஒரு பக்க வழிகாட்டியை வெளியிட முடியும். அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடைய அடுத்த அறிவித்தலில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு இப்படி: "800 தமிழ் எழுத்துகளுக்கு மேற்படாமல், உயிர்மெய்யும் புள்ளியிட்ட மெய்யும் தனித்தனி ஓர் எழுத்தாக எண்ணப்படும், இடைவெளிகள் எண்ணப்படா, பெட்டியின் கீழ்த் தோன்றும் எண்ணிக்கையே இறுதியானது."

அத்தகைய மாற்றம் வரும்வரை, தமிழில் எழுதுவோருக்கு நான் கொடுக்கும் யோசனையையும் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன், ஏனென்றால் இவ்வளவு முன்னெச்சரிக்கையை உங்கள் படிவங்கள் அவர்களிடமிருந்து வேண்டி நிற்கின்றன. விடையை வெளியே எழுதிச் சேமித்துக்கொள்ளுங்கள். படிவத்தின் பெட்டியில் ஒட்டியபின் கடைசி வாக்கியம் முழுமையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பந்திப் பிரிவுகளுக்கென்று சிறிது இடம் மிச்சம் வையுங்கள். பாமினியில் எழுதியதை மாற்றி ஒட்டியிருந்தால் எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். மிக முக்கியமான கருத்தை இறுதிப் பந்திக்கு ஒதுக்கிவைக்காமல் முற்பகுதியில் சொல்லிவிடுங்கள். அனுப்பிய பின்னர் கிடைக்கும் பிரதியைத் திறந்து கடைசி வரிவரை வாசியுங்கள்.

சோதிப்பதற்கான தமிழ் வாசகங்களை, மேலே சொன்ன எழுத்து வகைகள் எல்லாம் அடங்கும்படி, எழுத்து, குறியீடு, பைட் என்ற மூன்று எண்ணிக்கைகளோடும் தயாரித்துக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டியதில்லை. உங்கள் அடுத்த படிவம் வெளியாவதற்கு முன்னர் கேட்டால் போதுமானது.

இங்ஙனம்,
தமிழ் மெய்ப்புநோக்குநர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06